முன்கூட்டியே மிதிக்கும் அக்கா

எங்கள் வரிசை வீடுகளுக்குத் தீபாவளி வாழ்த்து அட்டை முதலில் வருவது வேன் அக்காவிடமிருந்துதான். ஆகஸ்ட் மாதமே வந்துவிடும். சுதந்திர தினமான மெர்டேக்காவுக்குக் கொடி கட்டுகிறவர்கள்கூட இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள், அதற்குள் எங்கள் வீட்டு அலமாரியில் அட்டையில் வரைந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தம்மா வீட்டுல காலண்டர் இருக்கா இல்லையா?" என்று என்னைக் கேட்பார். இருந்திருக்கும். அடுத்த வருடத்துக் காலண்டராக இருந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த பக்கத்துப் பிள்ளைகள் பதினான்கு பேரைப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஏற்றிப் போய் இறக்கி, மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. என் மகள் மாலதி அந்தப் பதினான்கில் ஒருத்தி. அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதுவதற்கு முன் அவரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் இடத்தில் அவர் இருந்திருந்தால் பத்து வருடம் முன்பே கேட்டு வாங்கி வைத்திருப்பார்.

குள்ளம். தோளும் கையும் மட்டும் ஓர் ஆம்பிளைக்குரிய பருமன். கொண்டை போட்டு, அதற்குள் ஒரு பேனாவைச் செருகியிருப்பார். வேனில் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். ஒரு நாள் காலையில் மாலதியை ஏற்றிவிட வாசலுக்கு வந்தவள், டீசல் வாடை பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை உருவினார்.

"ஏழு வருஷம் கழிச்சு ஜனவரியில ஒரு சீட். எழுதிக்கவா?"

"என்னக்கா எழுதறீங்க?"

"வயித்துல இருக்கறதுக்குத்தான்."

நான் டாக்டரிடமே இன்னும் போகவில்லை. என் மாமியார் பின்னால் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதினால் அது தனிக் கதை. "வேன்காரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல" என்று மாமியார் மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் அமைதியாக, "வேன்ல பதினாலு சீட்டுதான் மா. அப்புறம் வந்து கேட்டா இருக்காது" என்றார். அவர் மனத்தில் அது உதவி. வேறு எதுவுமே இல்லை.

இப்படித்தான் எல்லாவற்றிலும். வேன் வாங்குவதற்கு நாலு வருடம் முன்பே பெர்மிட்டுக்கு மனுப் போட்டுவிட்டாராம். கவுண்டரில் இருந்தவர், "வண்டி எங்க?" என்று கேட்டதற்கு, "நீங்க பெர்மிட் தர்றதுக்குள்ள வாங்கிடுவேன்" என்றாராம். அவர்கள் நாலு வருடம் இழுத்தடித்தார்கள். அவர் அந்த நாலு வருடமும் கிள்ளானில் ஒரு தொழிற்சாலை பஸ் ஓட்டிச் சேர்த்தார். பெர்மிட் வந்த வாரம் வேனும் வந்தது. தாமதம் என்ற ஒன்றைப் பற்றி அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தாமதமாகும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட்ட ஆளுக்கு எதற்குக் கோபம் வரும்.

எனக்கு வரும். நான் அவசரக்காரி. வாயும் சும்மா இருக்காது. டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அப்போது டைப்பிஸ்டாக இருந்தேன். வக்கீலிடம் வருகிற கட்சிக்காரர்களுக்கு அவரைவிட நான்தான் அதிகம் புத்தி சொல்வேன். "படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க அங்கிள்" என்பது நான் தினமும் பத்துப் பேரிடமாவது சொல்கிற வேதம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டுகிறேன், விளையாட்டுப் பக்கத்தில் அக்கா நிற்கிறார். தீப்பிடிக்காத உடையாம், கழுத்து வரை மூடியிருக்கிறது. கக்கத்தில் ஒரு ஹெல்மெட். பக்கத்தில் தகரடப்பா மாதிரி ஒரு குட்டிக் கார், கதவெல்லாம் சேறு. கிள்ளானுக்கு அப்பால் செம்பனைத் தோட்டங்களுக்குள் நடந்த கார் ராலியில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தவர், அன்றாடம் பள்ளி வேன் ஓட்டுகிறவர் என்று கீழே போட்டிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலம் பத்து தீகா கார்ப் பந்தயத் தடத்தில் ஓடப்போகிறார் என்றும் இருந்தது.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். செம்மண் பாதையில் பேய் வேகத்தில் போகிற ஒருத்தியிடமா நான் தினமும் காலையில் என் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மாலதியைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குத் தெரியுமாடி?"

"தெரியுமே. மூணு வருஷமா ஓடறாங்க. மொத வருஷம் எல்லா ரேஸ்லயும் கடைசி. போன வருஷம் மலை ஏறுற போட்டியில அவங்க பிரிவுல மொதல். அவங்க கார் டர்போ மா. சின்ன இன்ஜின், ஆனா டர்போ இருக்கறதால இன்ஜின் அளவ ஒண்ணு புள்ளி நாலால பெருக்கி பெரிய வண்டிங்களோட சேத்து விட்டுட்டாங்க. அநியாயம்னு ரவி சொல்றான்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

பதினான்கு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஆத்திரத்திலேயே நான் காகிதத்தை எடுத்தேன். எங்கள் பக்கத்துப் பெற்றோர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி இருந்தவர் கணேசன் சார், ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. அந்த ரவி அவருடைய மகன்தான். அவர் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்றார். யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் போதும், எனக்கு. பெர்மிட் அலுவலகத்துக்கு ஒரு மனு தமிழில் எழுதினேன், மலாயில் கணேசன் சார் மாற்றிக்கொள்வார். "உயிரைத் துச்சமாக மதிக்கும் ஒருவரின் பொறுப்பில் எங்கள் செல்வங்களை ஒப்படைப்பது எங்ஙனம்" என்று ஒரு வரி. எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடுவது, அக்காவையும் கூப்பிடுவது, கையெழுத்து வாங்கித் திங்களன்று மனுவைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. மனு போனால் பெர்மிட் நிற்காது. நாலு வருடம் காத்து வாங்கியது, ஒரு பக்கக் காகிதத்தில் போய்விடும். அது எனக்கு அப்போது தெரிந்தே இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். மனுவைப் படித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம காலையில ரேஸ், சாயந்தரம்தானே கூட்டம். போய்ப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடலாமே" என்றார். சரி, ஆதாரத்தோடு வருவோம் என்று நான் சின்னதை மாமியாரிடம் விட்டுவிட்டு மாலதியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வக்கீல் அலுவலகப் புத்தி.

பத்து தீகாவில் ஒரே சத்தம், ஒரே பெட்ரோல் வாடை. அக்காவின் கார் வரிசையில் நடுவில் நின்றது. சுற்றி நின்றவை எல்லாம் அதைவிட இரண்டு மடங்கு நீளம். பெரியவர்கள் வரிசையில் ஒரு பிள்ளை தெரியாமல் நின்றுவிட்டது போல இருந்தது. தடுப்பு வேலி ஓரம் ஒரு சீனர் டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். மாலதி ஓடிப்போய், "ஆ ஹோங் அங்கிள்" என்றாள். அக்காவின் மெக்கானிக்காம். சுங்கை வேயில் பட்டறை. தமிழர்களோடு வளர்ந்தவர் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"நீங்கதான் அம்மாவா? உக்காருங்க. இப்ப மழ வரும். வந்தா நல்லது லா."

"மழையில வழுக்காதா?"

"பெரிய காருக்கு வழுக்கும். அதுக்குப் பின் சக்கரம் தள்ளுது. நம்ம வண்டிக்கு முன் சக்கரமே இழுக்குது, முன் சக்கரமே திரும்புது. எல்லா வேலையும் அதுக்குத்தான்."

ஆபீஸ் வேலையும் அதற்குத்தான், அடுப்பு வேலையும் அதற்குத்தான், என்னை மாதிரி, என்று எனக்குப் பட்டது. அந்தக் குட்டிக் காரின் மேல் எனக்கு முதல் தடவையாக ஒரு பட்சம் உண்டானது. உடனே அதை அடக்கிக்கொண்டேன்.

மழை வந்தது. பந்தயம் தொடங்கும் கொடியும் விழுந்தது. பெரிய வண்டிகள் உறுமிக்கொண்டு பாய்ந்தன, அக்காவின் வண்டி கொஞ்சம் முனகிவிட்டுத்தான் கிளம்பியது. முதல் சுற்றில் பின்னால் விழுந்துவிட்டார். நான் மனத்துக்குள், சரிதான், என்றேன். ஆ ஹோங் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"டர்போ அப்படித்தான். மிதிச்ச உடனே வராது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணற நேரம் சும்மா இருக்கும். அப்புறம் மொத்தமா வரும், ஸ்டீயரிங்கைக் கையில இருந்து புடுங்கும். இந்த வண்டி வாங்கின மத்தவங்க எல்லாம் வளைவு முடிஞ்சு மிதிப்பாங்க. அது வர்றப்போ அடுத்த வளைவு வந்துடும், நேரா வேலியில போய் முட்டுவாங்க. ரெண்டு பேரு வித்துட்டு ஓடிட்டான். இவங்க மட்டும் பாருங்க."

பார்த்தேன். எங்களுக்கு எதிரே ஒரு நீண்ட வளைவு. பெரிய வண்டிகள் வளைவுக்குள் வந்து, பின்புறம் ஆடி, நிதானித்து, பிறகு வேகம் எடுத்தன. அக்காவின் வண்டி வளைவின் நடுவிலேயே சத்தம் மாறியது. இடக்கால் பிரேக்கில் இருக்கும்போதே வலக்காலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுகிறார், என்றார் ஆ ஹோங். வேகம் வேண்டிய இடம் வருவதற்குள் வேகம் தயாராகிவிடுகிறது. வளைவு விட்டு வெளியே வந்தபோது யாரோ கயிறு கட்டி இழுப்பது போல அது நேராக, ஆட்டமே இல்லாமல், ஒரு நீலக் காரைத் தாண்டிப் போனது. அடுத்த சுற்றில் இன்னொன்று.

ஆகஸ்டில் வந்த தீபாவளி அட்டை எனக்குப் புரிந்தது அந்த வளைவில்தான். "இந்த வண்டி ஓட்டி ஓட்டி அப்படி ஆயிட்டாங்களா, இல்ல மொதலேருந்தே அப்படியா?" என்று ஆ ஹோங்கைக் கேட்டேன்.

"வண்டி வாங்கவந்த நாளு, அது மோதி நசுங்கிக் கிடந்துச்சு. நான் ரிப்பேர் பண்ணவே ஒத்துக்கல. அதுக்குள்ள ரேஸ் நம்பர் ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்துட்டாங்க" என்றார் அவர்.

ஒரு சுற்று பாக்கி இருக்கும்போது முன்னால் மூன்று வண்டிகள்தான். அதில் ஒன்று வழுக்கிப் புல்லில் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வரும்போது அக்கா வேகத்தைக் குறைத்தார். எனக்குச் சந்தேகமே இல்லை, என் கண்ணால் பார்த்தேன். அந்த டிரைவர் கதவைத் திறந்து இறங்கக்கூடும் என்று, இறங்குவதற்கு முன்பே, இவர் காலை எடுத்துவிட்டார். அவன் உண்மையிலேயே இறங்கினான், தடத்தின் பக்கமாக. அதனால் பின்னால் வந்த ஒருவன் அக்காவைத் தாண்டிப் போனான். மொத்தத்தில் நாலாவது. அவர் பிரிவில் முதல். அந்த வருடம் அது மூன்றாவது முதலிடமாம். மாலதி வேலியில் ஏறிக் கத்தினாள். நானும் கத்தினேன் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

பந்தயம் முடிந்து அக்கா ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"மாலதி நனைஞ்சிருக்கா. துண்டு வண்டியில இருக்கு, எடுத்துக்குங்க" என்றார்.

எனக்கு மறைத்துப் பேச வராது. "அக்கா, சாயந்தரம் கூட்டத்துல படிக்கப் போற மனு நான் எழுதினது" என்றேன்.

"தெரியும். கூட்டத்துக்குக் கூப்பிட வந்தப்ப காட்டினாரு. கணேசன் சாருக்கு அவ்வளவு தமிழ் வராது."

ஆ ஹோங்குக்குப் பொறுக்கவில்லை. "எழுதினீங்களா? நல்லா எழுதினீங்க" என்று கருவிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவி என் கையில் வைத்தார். அக்கா, "ஆ ஹோங், உள்ள வை அத" என்று அதட்டினார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

உறைக்குள் பதினான்கு தாள்கள். எல்லாவற்றிலும் அக்காவின் கையெழுத்தில் ஒரே கடிதம். மூன்று வருடம் முந்தைய ஜனவரி.

"ஐயா, அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பந்தயம் ஓட்ட எனக்கு ஆசை. இன்னும் லைசென்ஸ் கேட்கவில்லை, கார் வாங்கவில்லை. வேனுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. உங்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் நான் ஆரம்பிக்க மாட்டேன். சம்மதம் என்றால் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."

கீழே கையெழுத்து. ஐந்தாவது தாளில் என் கையெழுத்து. வால் நீட்டிப் போட்டிருக்கிறேன், நல்ல மசியில்.

ஜனவரி எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்துக்கு ஒரு ஃபாரம், ஊசிக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, ஆளாளுக்கு ஒன்றை நீட்டுவார்கள். நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரு கையில் கரண்டியோடு, மறு கையால் கையெழுத்துப் போட்டுப் பையில் திணிப்போம். எல்லா வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம். ஒரு பெண்பிள்ளை தன் ஆசையை எங்கள் எல்லோர் கையிலும் வைத்து, ஒரே ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். நாங்கள் அதைப் படிக்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இத எடுத்துட்டு வாங்கக்கா கூட்டத்துக்கு. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றேன்.

அக்கா தாள்களை ஒழுங்காக அடுக்கி உறைக்குள் வைத்தார். "பேப்பரக் காட்டி ஜெயிச்சுடலாம் மா. ஆனா பயப்படற அம்மா பயந்துக்கிட்டேதான் புள்ளய ஏத்துவாங்க. காலையில வாசல்ல நின்னு என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. எனக்கு எதுக்கு அது?"

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"கேட்டா பதில் சொல்லுவேன்."

அவ்வளவுதான். உறை கருவிப் பெட்டிக்குள் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாலதி தூங்கிவிட்டாள். நான் பையில் இருந்த மனுவின் நகலை எடுத்துப் படித்தேன். எங்ஙனம் என்ற அந்தச் சொல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பிள்ளைகளை முன்னால் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா ஓரத்தில் ஒரு நாற்காலியில், தலை ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தார். கணேசன் சார் மனுவை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். என் வரிகள் என் காதில் ஒவ்வொன்றாக விழுந்தன. உயிரைத் துச்சமாக மதிக்கும் ஒருவர். காலையில் புல்லில் நின்ற வண்டிக்காக வேகத்தைக் குறைத்தவர் எனக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். படித்து முடித்து, "மொதல்ல நீங்களே போடுங்க" என்று கணேசன் சார் பேனாவை என்னிடம் நீட்டினார்.

நான் எழுந்தேன். பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் போட மாட்டேன் சார். ஏன்னா ஏற்கெனவே ஒண்ணுல போட்டுட்டேன்."

அந்தக் கடிதத்தில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறவள் நானே படிக்காமல் போட்டேன் என்றும் சொன்னேன். மண்டபம் சலசலத்தது. "நாங்க எப்ப போட்டோம்?" என்று ஒருவர். "எனக்கு அப்படி ஒரு லெட்டரே வரல" என்று ஒருவர். "பதினாலும் இருக்கு. உங்களோடதும் இருக்கு" என்றேன்.

கணேசன் சார் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "இருந்தா காட்டச் சொல்லுங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போதாவது எடுக்க மாட்டாரா என்று இருந்தது.

"கொண்டு வரல சார்" என்றார் அக்கா.

"சரி, லெட்டர் கதையை விடுங்க. எனக்கு ஒரே கேள்விதான். புள்ளைங்க உயிரு சம்பந்தப்பட்டது. ரேஸ் ஓடறத நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

சரி நிறுத்துகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கூட்டம் கலைந்துவிடும். வேனும் இருக்கும், பெர்மிட்டும் இருக்கும். நான் மனத்துக்குள் கெஞ்சினேன், சொல்லிவிடுங்கள் அக்கா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னால வேண்டாம்னு ஒருத்தர் சொல்லியிருந்தாலும் ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன் சார். இப்ப நிறுத்துன்னு சொன்னா முடியாது. அங்க எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க, தலையில கவசம் இருக்கு, ஓரத்துல ஆம்புலன்ஸ் நிக்குது. அங்க நான் வேகமா போறேன். இங்க போகல. வேன் வேகமா போயி யாராவது பாத்திருந்தா, அவங்க சொல்லட்டும். நான் சாவியக் குடுத்துடறேன்."

பாயில் இருந்து ரவிதான் எழுந்தான், பத்து வயதுப் பையன்.

"அக்கா வேன் ரொம்ப ஸ்லோ பா. பேப்பர் போடற அங்கிள் சைக்கிள்ல முந்திட்டுப் போறாரு. பச்ச லைட் எரியும்போதே, இப்ப செவப்பு வரும்னு நின்னுடறாங்க. நாங்கதான் போங்கக்கா போங்கக்கான்னு கத்தறோம்."

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர். பார்த்தசாரதி என்று ஒரு தபால் அலுவலக ஊழியர், அவருக்கும் வேனில் இரட்டைப் பெண்கள், மெதுவாக எழுந்து, "அந்த லெட்டர் எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. ரெண்டு புள்ளைக்கு ரெண்டு தாள் வந்துச்சு. எதுக்கு ஒரே பேப்பர் ரெண்டுன்னு திட்டிக்கிட்டே ரெண்டுலயும் போட்டேன்" என்றார். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கணேசன் சார் மட்டும் மனுவைப் பிடித்தபடி நின்றார். பயம் உண்மையானது, அவரைக் குறை சொல்ல நான் யார். இரண்டு நாளைக்கு முன்னால் நானும் அங்கேதான் நின்றேன்.

அக்கா எழுந்தார். பெரியவர்கள் பக்கம் திரும்பவில்லை. பாயில் இருந்தவர்களைப் பார்த்து, தினமும் கேட்கிற குரலில் கேட்டார்.

"நாளைக்கு யார் யார் வரீங்க?"

மாலதியின் கை முதலில் போனது. இரட்டைப் பெண்களுடையது. பிறகு ஒவ்வொன்றாக. ரவியும் தூக்கினான். கணேசன் சார் குனிந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினார், இறக்கியதை விடாமல் பிடித்துக்கொண்டார். ரவி அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறு கையைத் தூக்கினான்.

தூக்கியபடியே நின்றான். அவன் கை மெல்ல ஆடத் தொடங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. கணேசன் சார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிடித்திருந்த கையை விட்டார். மனுவை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அதே நேரந்தானே?" என்று அக்காவைக் கேட்டார்.